கைக்குள் அடங்கும் கியர் நாப்... இத்தனை சங்கதி இருக்கு, தெரியுமா?

கார் ஓட்டும்போது ஸ்டியரிங்குக்கு அடுத்தபடியாக உங்கள் கை அதிகம் தேடிப் போவது எதை? கியர் ராடின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டிக் குமிழைத்தான்! சென்னை டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எத்தனை முறை அதைப் பிடித்துத் தள்ளுகிறோம், இழுக்கிறோம்! ஆனால் அதை ஒரு நிமிடமாவது உற்றுப் பார்த்திருப்போமா? அந்தக் குமிழுக்குள் பந்தய வரலாறு இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, சினிமா இருக்கிறது, ஜப்பானியப் பூக்கூட இருக்கிறது! அதைவிட ஆச்சரியம், பத்தே நிமிடத்தில் நீங்களே கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம் என்பது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒன்றரைக் கோடி கார்களுக்குக் கியர் நாப்பே கிடையாது, தெரியுமா?

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் நாம் பார்க்கும் கியர் ராடே இல்லை! முன்னால் போக இரண்டே கியர்; இரண்டும் காலடியில். இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், விட்டுவிட்டால் இரண்டாவது, பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடலை மிதித்தால் ரிவர்ஸ்! வலது பெடல் பிரேக். அப்படியென்றால் ஆக்ஸிலரேட்டர்? அது ஸ்டியரிங் அருகே கையால் இழுக்கும் ஒரு சின்ன நெம்புகோல்! இன்றைய டிரைவரை அதில் உட்கார வைத்தால் வண்டி அசைவதற்குள் வியர்த்துவிடும். 1927 வரை இப்படி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்கள் விற்றிருக்கின்றன!

கியர் ராடு காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலம் உண்டு, தெரியுமா?

தொடக்க காலக் கார்கள் பலவற்றில் கியர் ராடு டிரைவரின் வலப்பக்கம், வண்டியின் உடலுக்கு வெளியே இருந்தது. மழை பெய்தால் நாப்பும் நனையும்! பிறகு அது உள்ளே வந்தது, நடுவுக்கு நகர்ந்தது, கொஞ்ச காலம் ஸ்டியரிங் தண்டுக்கே ஏறிவிட்டது. நம் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அப்படித்தானே! ஸ்டியரிங்குக்குப் பக்கவாட்டில் நீட்டிய ராடு, அதன் நுனியில் ஒரு சின்னக் குமிழ். தரையில் ராடு இல்லாததால் முன் சீட்டு பெஞ்சு போல நீளமாக இருந்தது. டிரைவரோடு மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனார்கள்! பின்னாளில் இசுசு எஞ்சினோடு வந்த அம்பாசிடரில்தான் ராடு தரைக்கு இறங்கியது.

ஆட்டோ டிரைவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நாப்பே வேண்டாம்! இடது கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். பழைய பஜாஜ் சேத்தக்கிலும் அதே ஏற்பாடுதான்.

டேஷ்போர்டிலிருந்து குடைக்கைப்பிடி போல நீளும் கியர், தெரியுமா?

1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் 2சிவி காரில் கியர் ராடு டேஷ்போர்டைத் துளைத்துக்கொண்டு நேராக உங்களை நோக்கி வரும்! நுனியில் ஒரு குமிழ். அதை இழுக்க வேண்டும், தள்ள வேண்டும், இடையில் சுழற்றவும் வேண்டும். ரெனோ 4 காரிலும் இதே வித்தை! தரையில் எதுவும் இல்லாததால் கால் நீட்ட இடமோ இடம்.

மரக்கட்டையால் செய்த நாப் லெ மான் பந்தயத்தை வென்றது, தெரியுமா?

போர்ஷே 917! 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அசுரன். அதன் கியர் நாப் எதனால் ஆனது? கார்பன் ஃபைபரா, டைட்டானியமா? இல்லவே இல்லை. பால்சா மரம்! விளையாட்டு விமானங்கள் செய்வோமே, அதே பஞ்சு போன்ற மரம்! கிராம் கிராமாக எடையைக் குறைக்க வேண்டும் என்ற வெறியில் பொறியாளர்கள் கியர் நாப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் போர்ஷே தயாரித்த கரேரா ஜிடி என்ற சூப்பர் காரில், அந்தப் பழைய வீரனுக்கு மரியாதையாக மர நாப்பையே மீண்டும் வைத்தார்கள்!

கோல்ஃப் காரில் கோல்ஃப் பந்து! யார் யோசனை, தெரியுமா?

1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் கியர் நாப், பள்ளம் பள்ளமாக அச்சு அசல் ஒரு கோல்ஃப் பந்து! அந்த யோசனையைச் சொன்னவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். சீட்டுக்குக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆண்கள் மட்டுமே கோலோச்சிய துறையில் ஒரு பெண்ணின் கற்பனை, உலகம் முழுக்க அடையாளமாகிவிட்டது!

ஃபோர்டு சும்மா இருக்குமா? 1968-ல் ஸ்டீவ் மெக்குவீன் நடித்த 'புல்லிட்' படத்தின் கார் துரத்தல் காட்சியை யார் மறப்பார்! அந்தப் படத்துக்குக் காணிக்கையாக வந்த மஸ்டாங் புல்லிட் பதிப்பில், பில்லியர்ட்ஸ் மேசையின் வெள்ளைப் பந்தைப் போல ஒரு நாப்! அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனமோ 1970-ல் சில கார்களுக்குத் துப்பாக்கிப் பிடி வடிவத்தில் கியர் கைப்பிடி கொடுத்து அசத்தியது.

ஜப்பானிய லாரி டிரைவர்களின் ரசனையோ தனி ரகம். கண்ணாடி போன்ற பிசினுக்குள் வண்ணப் பூ மிதக்கும் நாப், நீர்க்குமிழிகள் உறைந்து நிற்கும் நாப், சாமுராய் வாளின் கைப்பிடி போன்ற நாப் என்று விதவிதமாக மாட்டி அழகு பார்ப்பார்கள். ஆனால் ஒரு கண்டிப்பு! எந்தக் கியர் எங்கே என்று காட்டும் படம் டிரைவர் கண்ணில் படும்படி இல்லாவிட்டால், ஜப்பானில் அந்த வண்டி அரசுப் பரிசோதனையில் தேறாது!

ஒரே நாப்பை வைத்து 18 கியர் போடுகிறார்கள், தெரியுமா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ராட்சத டிரக்குகளின் ஈட்டன் ஃபுல்லர் கியர் பாக்ஸில் முன்னால் போக மட்டும் 18 கியர்கள்! ராடை 18 திசையிலா தள்ளுகிறார்கள்? அதுதான் இல்லை. முன்னோக்கிய நிலைகள் ஐந்தே ஐந்து: ஒரு 'லோ', கூடவே நான்கு. மீதி மாயமெல்லாம் நாப்பில்! அதிலுள்ள ஒரு சுவிட்ச் அந்த நான்கு நிலைகளை எட்டாக்கும். இன்னொரு பட்டன் ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிளக்கும். எட்டு பதினாறு ஆயிற்றா? 'லோ'வில் ஒரு இரண்டு. மொத்தம் 18! கட்டளை போவது காற்றழுத்தத்தில். நாப்பிலிருந்து மெல்லிய காற்றுக் குழாய்கள் கீழே இறங்கும்.

ஃபார்முலா 1 காரில் கியர் நாப் எப்போது காணாமல் போகத் தொடங்கியது, தெரியுமா?

1989, பிரேசில் பந்தயம். ஜான் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் கியர் ராடே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள்தான்! முழுப் பந்தயமும் தாங்குமா என்று எல்லோரும் சந்தேகப்பட்ட அந்தக் காரில் நைஜல் மேன்செல் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார்! ஆனாலும் பழைய நாப் உடனே தோற்றுவிடவில்லை. 1991-ல் அயர்ட்டன் சென்னா உலகப் பட்டம் வென்ற மெக்லாரன், கையால் ராடைத் தள்ளிக் கியர் போட்ட கார்தான். அதே ஆண்டு சொந்த மண்ணான பிரேசிலில் கியர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, கடைசியில் ஆறாவது கியர் மட்டுமே மிஞ்ச, அதை வைத்தே ஜெயித்துக் காட்டினார் சென்னா! இறங்கக்கூட முடியாமல் காருக்குள்ளேயே சோர்ந்து கிடந்தார்.

நாப்பின் எடை கூடினால் கியர் வழுக்கிக்கொண்டு விழும், தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்! நாப் மாற்றுவது வெறும் அழகுக்கு என்றுதானே நினைக்கிறோம்?

கியர் போடும்போது கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது? வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் கைகோத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் சின்க்ரோ வளையம் உரசி உரசி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். 1928-ல் காடிலாக் கார்களில் இது வந்தது. உருவாக்கியவர் ஏர்ல் தாம்ப்சன். அதற்கு முன்னால் எல்லோருமே பழைய லாரி டிரைவர்களைப் போல, கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்ச் அடித்துத்தான் கியர் போட வேண்டும், இல்லையென்றால் 'கரக் கரக்'!

அந்த வளையம் வேலை செய்யும் கணத்தில்தான் கையில் ஒரு சின்ன முட்டு தெரியும். இங்கேதான் நாப்பின் எடை உதவிக்கு வருகிறது! ராடு அசையும் புள்ளி கீழே. நாப் இருப்பதோ மேலே, உச்சியில். தூரம் இரண்டு மடங்கானால் அதே எடையின் நிலைமம் நான்கு மடங்கு! எனவே உச்சியில் கூட்டும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு அதிகம். கனமான நாப் ஒருமுறை நகர ஆரம்பித்துவிட்டால், அந்த வேகமே அந்த முட்டலைத் தாண்டிக் கியரை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹோண்டா 2020-ல் சிவிக் டைப் ஆர் காரின் நாப்பைக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு மாற்றியபோது, உள்ளே 90 கிராம் எடைக்கட்டி ஒன்றையும் வைத்தது! எல்லாம் இதற்காகத்தான். கடைகளில் அரைக் கிலோவைத் தாண்டும் எஃகு நாப்கள்கூட விற்கின்றன. ஓடும்போதே கியர் நழுவுகிற பழைய வண்டிக்கு மட்டும் இந்தக் கனம் வேண்டாம். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, தெரியுமா?

அசையும் புள்ளியிலிருந்து நாப் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 3 செ.மீ. தாழ்வான நாப் போட்டால் கை நகரும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்! பந்தயக்காரர் போலச் சட்டுச் சட்டென்று கியர் மாற்றலாம். ஆனால் சும்மா கிடைக்குமா? ஏறக்குறைய அதே அளவுக்குக் கை கூடுதலாக அழுத்த வேண்டும். உயரமான நாப் போட்டால் நேர் எதிர்: கியர் இலகுவாக விழும், கை அதிக தூரம் போகும். மூட்டு வலிக்காரருக்கு உயரம், வேகப் பிரியருக்குக் குள்ளம்!

நாப் மேல் கையை ஊன்றி ஓட்டினால் கியர் பாக்ஸ் தேயும், தெரியுமா?

நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம்! கியர் போட்ட பிறகும் கை அங்கேயே இளைப்பாறும். அந்த அழுத்தம் ராடு வழியாக உள்ளே இறங்கி, கியரைத் தள்ளும் செலக்டர் ஃபோர்க்கைச் சுழலும் வளையத்தின் மேல் உரசவைக்கும். கியர் விழும் கணத்தில் மட்டும் தொட வேண்டிய பாகம், நீங்கள் மதுரை போய்ச் சேரும் வரை உரசிக்கொண்டே வரும்! எவ்வளவு விலை கொடுத்த நாப் ஆனாலும் வேலை முடிந்ததும் கையை எடுங்கள்.

எல்லா நாப்பும் திருகினால் கழலாது, தெரியுமா?

இனி மாற்றும் படலம்! ஜப்பானியக் கார்கள் பலவற்றில் நாப்பை இடப்பக்கமாகத் திருகினால் போதும், கழன்று வந்துவிடும். ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றில் திருகவே முடியாது. தோல் உறையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கும். பிஎம்டபிள்யூ ரகமோ இன்னும் விசேஷம்! நேராக மேல்நோக்கி பலம்கொண்ட மட்டும் இழுக்க வேண்டும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், 'டப்'பென்று கழன்று மூக்கைப் பதம் பார்த்துவிடும்! உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் பலத்தைக் காட்டினால் உடைவது நாப் அல்ல, உறையின் கிளிப்புகள்.

கால் மில்லிமீட்டர் வித்தியாசம் காசைக் கரியாக்கும், தெரியுமா?

திருகும் ரகத்தில் எல்லாமே மரையில்தான் இருக்கிறது. எம்10 × 1.5 என்றால் ராடு நுனியின் விட்டம் 10 மி.மீ.; ஒரு சுற்றுக்கு நாப் 1.5 மி.மீ. இறங்கும். ஹோண்டா கார்கள் பெரும்பாலும் இந்த அளவு. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரோ எம்10 × 1.25. டொயோட்டா 86, சுபாரு கார்களில் எம்12 × 1.25. ஹோண்டா நாப்பை மாஸ்டாவில் திருகினால் முதல் ஒன்றிரண்டு சுற்று சாதுவாகப் போகும், பிறகு இறுகும். 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தினீர்களோ, இரண்டின் மரையும் காலி!

அளவு தெரியவில்லையா? ஒரு சுலபமான வழி! பழைய நாப்பைக் கழற்றிவிட்டு ராடு நுனியில் நட்டைப் போட்டுப் பாருங்கள். எம்8 × 1.25, எம்10 × 1.5, எம்12 × 1.75 நட்டுகள் எந்த ஹார்டுவேர் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எம்10 × 1.25, எம்12 × 1.25 ஆகியவை நெருக்கமான மரை; அவற்றை ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள். எந்த நட்டு விரலாலேயே கடைசி வரை சுழன்று இறங்குகிறதோ, அதுதான் உங்கள் அளவு! அந்த அளவில் நாப் கிடைக்கவில்லையா? நல்ல லேத் பட்டறையில் ஒரு அலுமினியத் துண்டைக் கொடுத்தால் உங்கள் கைக்கு ஏற்றபடி கடைந்து, மரையும் போட்டுத் தருவார்கள்!

'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று விற்கும் நாப்கள் பக்கவாட்டில் மூன்று சின்ன ஸ்க்ரூவை நம்பித்தான் நிற்கும். ஸ்க்ரூ தளர்ந்தால் கியர் மாற்றும்போது நாப் கையோடு வந்துவிடும்! மரை பொருந்தும் நாப்புக்கே முதல் மரியாதை.

ரிவர்ஸ் போடவே முடியாமல் போகலாம், தெரியுமா?

ஹூண்டாய், ரெனோ கார்கள் பலவற்றில் நாப்புக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். ஓடும் வண்டியில் தவறிப் போடாமலிருக்கத்தான் இந்தப் பூட்டு. அழகான உருண்டை நாப் வாங்கி மாட்டி, அந்த வளையம் மேலே எழ இடமில்லாமல் போனால்? பார்க்கிங்கில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கையால்தான் தள்ள வேண்டும்! வளையத்தோடு ஒத்துப்போகும் நாப்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கியர் படமும் முக்கியம்! சில கார்களில் ரிவர்ஸ் முதல் கியருக்குப் பக்கத்தில், சிலவற்றில் வலது கீழ்மூலையில். படமே இல்லாத நாப் மாட்டினால், உங்கள் காரை அவசரத்துக்கு எடுக்கும் மச்சான் முன்னால் போவதாக நினைத்துப் பின்னால் போவார்!

அக்னி நட்சத்திரத்தில் அலுமினிய நாப் என்ன செய்யும், தெரியுமா?

கையைச் சுடும்! மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் உலோக நாப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும். நம் ஊருக்கு மரம், தோல், டெல்ரின் என்னும் கெட்டி பிளாஸ்டிக் இவையே தோது. உலோகம்தான் வேண்டும் என்றால் நிறுத்தும்போது ஒரு துணி உறை போடுங்கள்.

மாற்றும் வேலை எவ்வளவு சுலபம், தெரியுமா?

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

2. தோல் உறையை அடியில் மெல்ல நெம்பி விடுவித்து, நாப் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

3. திருகும் ரகமா? ராடின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகத் திருகுங்கள். அசையவில்லையா? ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், இளகும். கட்டிங் பிளேயர் போட்டு நசுக்க வேண்டாம்!

4. புது நாப்போடு வரும் லாக் நட்டை முதலில் ராடில் இறக்குங்கள். பிறகு நாப்பைத் திருகி, கியர் படம் நேராக நிற்கும் இடத்தில் நிறுத்தி, கீழிருந்து நட்டை இறுக்குங்கள்.

5. சூப்பர் குளூ பக்கம் போகவே வேண்டாம்! அடுத்த முறை கழற்ற ராடையே அறுக்க நேரிடும்.

6. எஞ்சினைப் போடாமலே கிளட்ச் மிதித்து எல்லாக் கியரையும், ரிவர்ஸையும் இரண்டு முறை போட்டுப் பாருங்கள். நாப் ஆடவில்லை, உறை இழுபடவில்லை என்றால் வேலை முடிந்தது!

சில கார்களின் நாப்பைத் தொடவே கூடாது, தெரியுமா?

2020-ல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐஎம்டி கியரைப் பாருங்கள். கியர் ராடு உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது! நீங்கள் ராடை நகர்த்த நினைப்பதை அதிலுள்ள சென்சார் கண்டுபிடித்து, கிளட்ச்சைத் தானே விடுவிக்கும். அப்படிப்பட்ட ராடின் எடையிலும் பிடியிலும் கைவைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். பட்டனை அழுத்திக் கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் சாதாரண நாப் ஒத்துவராது.

கியரே இல்லாத காரில்கூடக் கியர் வேண்டுமாம், தெரியுமா?

2023-ல் வந்த ஹூண்டாயின் அயோனிக் 5 என் மின்சாரக் காரில் கியர் மாற்ற எதுவுமே இல்லை. ஆனாலும் எட்டு கியர் இருப்பது போலவே உலுக்கி, உறுமி நடிக்கும் வசதி வைத்திருக்கிறார்கள்! 2022-ல் ஸ்வீடனின் கோனிக்செக் காட்டிய சிசி850-ல் ஒரே கியர் பாக்ஸ் 9 கியர் ஆட்டோமேட்டிக்காகவும் ஓடும். நாப்பைப் பிடித்தால் கிளட்ச் பெடலோடு 6 கியர் மேனுவலாகவும் மாறும்! கையால் கியர் மாற்றும் சுகத்தை மனிதன் விடுவதாக இல்லை.

ஆகவே வாசகர்களே, காருக்குச் செய்யும் அலங்காரங்களில் ஓட்டும் சுகத்தையே மாற்றிக் காட்டுவது இந்தக் கையளவு பொருள்தான். ஸ்டிக்கருக்கும் ஸ்பாய்லருக்கும் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு நல்ல நாப்பை யோசியுங்கள். கடைக்குப் போவதற்கு முன் மரையின் அளவையும் ரிவர்ஸ் வளையத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். கழற்றிய பழைய நாப்பைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்; நாளைக்குக் காரை விற்கும்போது அதையே திரும்ப மாட்டிக்கொடுத்துவிட்டு, உங்கள் நாப்பை அடுத்த காருக்கு எடுத்துப்போகலாம். மரை பொருந்தினால்!